ஒரு மீட்டர் பொறுதி

அன்று காலை பல்லி, தேவசகாயம் மெடிக்கல்ஸின் வடகிழக்கு மூலையைத் தின்றுகொண்டிருந்தது.

தின்பது என்றுதான் திருச்சியில் சொன்னார்கள். அரசாணைப்படி அதன் பெயர் நிகராக்கி. எருமைக்கன்று அளவு உடம்பு, ஆறு கால், சிமெண்டு நிறம். சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும். வயிற்றிலிருந்து வைரக் கம்பியை உருவி, அல்வாவில் நூல் இறக்குவதுபோல் கட்டடத்தில் இறக்கும். வேலையைத் தொடங்குமுன் ‘ச்சு ச்சு ச்சு’ என்று மூன்று தரம் எச்சரிக்கை ஒலி எழுப்பும். மனிதக் காதுக்கு அச்சமூட்டாத ஒலி எது என்று ஒரு நிபுணர் குழு நாடு நாடாகப் போய் ஆராய்ந்து, கடைசியில் தேர்ந்தெடுத்த ஒலி அது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த சனங்களிடம் அதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிபுணர் என்றால் அப்படித்தான். எல்லாவற்றையும் கேட்பார்கள், யாரையும் கேட்கமாட்டார்கள்.

தென்மண்டல நிகர் ஆணையர் பரஞ்சோதி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தன் துறை வேலைசெய்வதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். வெட்டு விழுந்த இடம் கண்ணாடிபோல் பளபளத்தது. மூலையோடு போன அலமாரியில் பாதியாக அறுபட்ட இருமல் மருந்து பாட்டில்கள் வரிசை கலையாமல் நின்று ஒழுகிக்கொண்டிருந்தன.

“என்ன ஒரு நேர்த்தி!” என்றார் பரஞ்சோதி.

கடைக்காரர் தேவசகாயம் திரும்பிப் பார்த்தார். அறுபது வயது மனிதர். கையில் ஒரு காலண்டர். சுவரோடு போகுமுன் காப்பாற்றியது அது ஒன்றைத்தான்.

“சார், நீங்க பெரிய ஆபீசர்தானே? ஒரு நியாயம் சொல்லுங்க. எங்கப்பா கட்டின கடை. ஒரு செங்கல் சேர்க்கல, ஒரு செங்கல் எடுக்கல. இத்தனை வருஷம் சரியா இருந்த மூலை இந்த வாரம் எப்படி சார் தப்பா போச்சு?”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.”

“எல்லாரும் சொல்றாங்கன்னா அதுல ஏதோ இருக்கும்ல சார்?”

“இருக்கு. ஈசானிய மூலையை நீட்டினா லட்சுமி வருவான்னு ஒரு மூடநம்பிக்கை இருக்கு.”

“சார், நான் லூர்து மாதாவைக் கும்பிடுறவன். எனக்கு ஏது சார் வாஸ்து?”

“ஊரோட ஒத்து வாழ்றவங்க எல்லா மதத்துலயும் உண்டு” என்று சொல்லிவிட்டுப் பரஞ்சோதி வண்டியில் ஏறிக்கொண்டார். பதில் தனக்கே பிடித்துப்போனதால் அதை மறுநாள் விழாச் சொற்பொழிவில் சேர்க்க மனத்தில் குறித்தும்கொண்டார்.

மறுநாள் நிகர்ப்படத்தின் இருபதாம் ஆண்டு நிறைவு விழா.

நிகர்ப்படம் என்பது நாட்டின் படம். படம் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் ஆணியில் தொங்குமே, அது இல்லை. நாட்டிலுள்ள ஒவ்வொரு கட்டடம், கிணறு, வரப்பு, வாய்க்கால், மதில், மின்கம்பம், புளியமரம், எல்லாவற்றின் எல்லா மூலைகளும் விரற்கடை சுத்தமாக விண்கோள்களால் அளந்து சேர்த்த பெருந்தொகை. அதற்குமுன் இந்த நாட்டில் அரை அடி வரப்புக்காக அண்ணன் தம்பியை வெட்டினான். வழக்குப் போட்டவனின் பேரன் வாய்தாவுக்குப் போனான். படம் வந்ததும் எல்லாம் அடங்கியது. படத்தில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. குடிநீர், மின்சாரம், கடன், ஆம்புலன்ஸ் எல்லாம் படத்தைப் பார்த்தே வந்தன. புதுவீடு கட்டுகிறவன் முதலில் படத்தில் கட்டினான், பிறகு பூமியில் கட்டினான். சிலர் படத்தோடு நிறுத்திக்கொண்டு வாடகைக்கும் விட்டார்கள் என்று கேள்வி.

ஆரம்பத்தில் நிலத்துக்கும் படத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் படத்தைத் திருத்தினார்கள். படத்தைத் தொட்டதும் ஆயிரம் வழக்குகள் மறுபடி கண்விழித்தன. அப்போதுதான் முப்பத்தைந்து வயது உதவி இயக்குநர் பரஞ்சோதி அந்த ஒற்றை வரியை எழுதினார். இன்று நாட்டிலுள்ள எல்லா நிகர் மாளிகைகளின் வாயில் வளைவிலும் அது பொன்னெழுத்தில் இருக்கிறது:

படம் திருத்தப்படாது; நிலமே திருத்தப்படும்.

செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்று அந்தக் காலத்தில் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். கால் பேசும், செருப்பு பேசாது. ஆகவே செருப்பே நம்பத்தக்கது என்று பதில் வந்தது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒப்புநோக்கிகள் வானத்தில் பறந்தன. வேறுபாட்டை அறுத்தெறிய நிகராக்கிகள் சுவரில் ஏறின. கொத்தனாரின் கைப்பிழைக்கு இரக்கப்பட்டு ஒரு மீட்டர் வரை சலுகை கொடுத்தார்கள். அதன் பெயர் பொறுதி. பொறுதிக்குள் இருந்தால் பல்லி வராது. ஒரு விரல் தாண்டினாலோ, தாண்டிய விரலை மட்டும் வெட்டாது. படத்தின் கோடு வரை முழுசாக வெட்டும். பொறுத்தவன் கோபம் பொல்லாதது இல்லையா.

இத்தனைக்காகப் பரஞ்சோதிக்கு ‘நிகர்மணி’ என்ற பட்டம் கிடைத்தது. வீட்டு வாசலில், பெயருக்கு மேலே, பெயரைவிடப் பெரிய எழுத்தில் அதைப் பொறித்திருந்தார்.

நிகர் மாளிகையில் விழா களைகட்டியிருந்தது. தோட்டத்தில் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணையரின் அறை மாடியில், வடகிழக்கு மூலையில். கட்டடத்துக்கு வரைபடம் போட்ட பொறியாளர் வாஸ்து பார்த்துதான் அதை அங்கே வைத்தார். காற்றுக்காக அந்த மூலையை ஒப்புக்கொண்டதாகப் பரஞ்சோதி சொல்லிக்கொள்வார்.

இணை ஆணையர் மீரான் காத்திருந்தார். பரஞ்சோதியோடு பதினைந்து ஆண்டு வேலைபார்த்தும் பதவி உயர்வு கிடைக்காதவர். அதனாலேயே வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

“சார், இந்த வாரக் கணக்கு வந்திருக்கு. நம்ம மண்டலத்துல மட்டும் போன வாரத்தைவிட மூணு மடங்கு. பல்லிங்களுக்கு மூச்சுவிட நேரமில்ல. மத்த மண்டலத்துலயும் இதே கதைதான்.”

“விழா நேரத்துல துறை சுறுசுறுப்பா இருக்கு. நல்லதுதானே?”

“எல்லாமே வடகிழக்கு மூலை சார்.”

“அதைத்தான்யா நாளைக்குப் பேசப்போறேன். தலைப்பே ‘ஈசானிய மோகம்’. இந்த நாட்டுல எல்லாரும் ஒழுங்கா செய்ற திருட்டு இதுதான். மூலையை அப்படியே கொஞ்சம் கொஞ்சமா நீட்டுறது.”

மீரான் தாடையைச் சொறிந்தார். “புத்தூர்ல ஒரு பள்ளிவாசல் மினாரா போயிருக்கு சார். வடகிழக்கு மினாரா.”

“மேஸ்திரி இந்துவா இருப்பான்.”

“சரி. மார்க்கெட்ல மாநகராட்சிக் கழிப்பறை. அதுவும் வடகிழக்கு மூலைதான். கழிப்பறைக்கு எவன் சார் வாஸ்து பார்ப்பான்?”

“கான்ட்ராக்டர் பார்ப்பான். அவனுக்கு அதுலதானே லட்சுமி வருது?”

மீரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “இன்னொண்ணு. மாட்டிக்கிட்டது எல்லாம் பழைய கட்டடம். புதுசு ஒண்ணுகூட இல்ல.”

“பழைய ஆளுங்களுக்கு மூடநம்பிக்கை அதிகம். இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?” பரஞ்சோதிக்கு எந்தக் கேள்விக்கும் பதில் இருந்தது. உலகத்தில் மிக ஆபத்தான ஆள் அப்படிப்பட்டவன்தான். ஆனால் அப்படிப்பட்டவனுக்குத்தான் வண்டியும் வாயிற்காவலனும் கொடுக்கிறார்கள்.

“கடைசியா ஒண்ணு சார். நம்ம தோட்டத்துல இருக்கே வெள்ளைக்காரன் காலத்து அளவைக்கல்லு, நாளைக்கு மந்திரி மாலை போடப்போற கல்லு. அதுமேல யாரோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கன்னு போய்ப் பார்த்தேன். யாரோ இல்ல, நம்ம ஒப்புநோக்கிதான். கல்லு இடம் மாறிடுச்சாம். ஒரு மீட்டரும் சொச்சமும். வடகிழக்கால.”

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. “அந்தத் தோட்டக் கான்ட்ராக்டர் பயல்! புல்தரை போடுறேன்னு கல்லை நகர்த்தியிருக்கான். இந்த மாவட்டத்தையே அந்தக் கல்லுலேர்ந்துதான்யா அளந்தாங்க! அவனைக் கூப்பிடுங்க.”

“ஆள் ஆழத்துக்குக் கடைக்கால் போட்ட கல்லு சார் அது. நகர்த்தணும்னா கிரேன் வேணும்.”

“கிரேன் வச்சு நகர்த்தியிருக்கான்!”

அப்போதுதான் கதவு திறந்தது. காவலாளி ஒரு கையால் தடுத்தபடி, மறு கையால் வழிவிட்டபடி, இரண்டும் இல்லாத ஒரு நிலையில் பின்னாலேயே வந்தார். ஆணையரின் தங்கை வல்லி அறைக்கு நடுவில் வந்து நின்றாள்.

“உன்னைக் கமிஷனர்னு கூப்பிடணுமா, அண்ணன்னு கூப்பிடணுமா? எதுக்குப் பதில் வரும்னு சொல்லு, அதைச் சொல்லிக் கூப்பிடுறேன். மூணு நாளா போன் அடிக்கிறேன்.”

“வல்லி, நோட்டீஸ் நிலுவையில இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட நான் பேசக்கூடாது. அது விதி.”

“யார் எழுதின விதி?”

மீரான் சாளரத்துக்கு வெளியே பந்தற்காலை ஆராய்ந்தார்.

வல்லி கருமண்டபத்தில் மகளிர் விடுதி நடத்துகிறாள். கணவன் போனபின் அதுதான் அவளுடைய சோறு. மூன்று மாடி, மருத்துவமனை நர்சுகள், ஜவுளிக்கடைப் பெண்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று அறை நிறைய ஆட்கள். கட்டடத்தின் மொத்தப் பாரமும் இறங்குகிற தூண்களில் முதல் தூண், கடைக்கால் பூசை போட்ட தூண், வடகிழக்கு மூலையில் நிற்கிறது.

“பல்லி காம்பவுண்டு மேல வந்து உட்கார்ந்துடுச்சுண்ணே. நாலு மணிக்கு வெட்டுமாம். வெட்டட்டும், சுவத்தை வெட்டட்டும், படிக்கட்டை வெட்டட்டும். அது தூணை வெட்டுதுண்ணே! தூணு போனா மூணு மாடியும் உட்காருமா உட்காராதா? இன்ஜினீயர் படிச்சவன்தானே, சொல்லு.”

“தாங்குகணக்கு நிகராக்கியோட வேலை இல்ல. அது வேற துறை.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் அழகு அவருக்கே உறைத்தது.

“நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்குற புள்ளைங்களை எழுப்பித் தெருவுல நிறுத்தியிருக்கேன். பெட்டியைத் தூக்கிட்டு எங்கக்கா போறதுன்னு கேக்குதுங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

“வல்லி, நீ எப்பவோ மூலையை நீட்டியிருப்பே. ஒரு சிட்-அவுட், ஒரு பூஜை ரூம்…”

வல்லி அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று மீரான் எதிர்பார்த்தார். அவள் குரல் தாழ்ந்தது. அது இன்னும் மோசம்.

“அந்தக் கட்டடத்தைக் கட்டினது யாருண்ணே? மறந்துட்டியா? படம் வந்த வருஷம். ‘தமிழ்நாட்டுலயே நிகர்ப்படத்தோட விரற்கடை பிசகாம ஒட்டுற முதல் கட்டடம் என் தங்கச்சியோடது’ன்னு பேப்பர்க்காரனைக் கூப்பிட்டு போட்டோ எடுத்துக்கிட்டது யாரு? அந்த மூலைத்தூணுக்கு நீதானே வானத்து மிஷினை வச்சுக் குறி போட்டே? மேஸ்திரி நூல் புடிக்க வந்தப்ப, தள்ளிப் போய்யான்னு சொன்னியா இல்லியா?”

சொன்னார். நன்றாக நினைவிருந்தது. அந்தப் போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில், பட்டத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

“அப்போ ரெண்டுல ஒண்ணு” என்றாள் வல்லி. “அன்னிக்கு நீ தப்பா அளந்தே. இல்லன்னா, வீடு நான் பார்க்காதப்ப எந்திரிச்சு நடந்து போச்சு.”

“நான் தப்பா அளக்கல!”

உலகில் எதையும் விட்டுக்கொடுக்கலாம், அந்த ஒன்றைத் தவிர. பரஞ்சோதியின் முகம் சிவந்தது. மேசைமேல் திரையை எழுப்பி, விடுதியின் மூலைத்தூணை வரவழைத்தார். இருபதாண்டுக்கு முன் அவர் அளந்த எண், விரற்கடை பிசகில்லை. இன்று காலை ஒப்புநோக்கி அளந்த எண். ஒரு மீட்டரும் ஒரு விரலும் தள்ளி, வடகிழக்கில். இரண்டு அளவும் சரி. இரண்டும் சரி என்பது எப்படிச் சரியாகும்?

“வீடு நடக்கலன்னா” என்றாள் வல்லி, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, “பூமியா நடந்துபோச்சு?”

மீரான் சிரித்தார். பரஞ்சோதியும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

இதே கேள்வியை ஒருவர் முன்பு கேட்டிருந்தார். கேட்டவர் அவரேதான்.

படத்தை உறையவைத்த அந்த வருஷம், கணக்குநிரலில் ‘ஆண்டுச் சரிக்கட்டு’ என்று ஒரு வரி இருந்தது. அது ஆண்டுக்கு ஒருமுறை நாட்டிலுள்ள எல்லா எண்களையும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப்போட்டது. வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘நேற்று என் கட்சிக்காரரின் மூலைக்கு ஒரு எண், இன்று வேறு எண், எது உண்மை?’ என்று முடிந்த வழக்கையெல்லாம் திறந்தார்கள். பரஞ்சோதி அந்த வரியைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டு, ‘நாடு என்ன நடந்தா போகிறது? நீக்குக’ என்று எழுதினார். மேலிடம் ரசித்துச் சிரித்தது. வரி போயிற்று; அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

நாடு நடந்துதான் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைப் படிக்கிறது. பரீட்சை முடிந்ததும் மறக்கிறது. இந்தியா உட்கார்ந்திருக்கும் பாறைத்தட்டு, இமயமலையை முட்டிக்கொண்டு, விரல்நகம் வளருகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வடகிழக்கே நகர்கிறது. வீடு, கோயில், கழிப்பறை, அளவைக்கல், ஆணையர் எல்லாரையும் தூக்கிக்கொண்டு ஒன்றாக நகர்வதால் யாருக்கும் தெரிவதில்லை. கல்லிலிருந்து அளந்தால் என்றைக்கும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் கல் பழசு, விண்கோள் புதுசு. விண்கோள் நாட்டோடு நகர்வதில்லை. ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர். இருபது ஆண்டு. ஒரு மீட்டர்.

பரஞ்சோதி சாளரத்துக்குப் போய்க் கீழே பார்த்தார். பந்தலின் நடுவே, செவ்வந்தித் தொட்டிகள் சூழ, நெற்றியில் நோட்டீஸ் ஒட்டிய அளவைக்கல் நின்றது. நூற்றைம்பது ஆண்டாக அசையாத குற்றவாளி.

“மீரான்” என்றார். “வடகிழக்கை யாரும் நீட்டல.”

“அதைத்தான் சார் காலையிலேர்ந்து…”

“பூமிதான் நீண்டிருக்கு.”

வல்லிக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் அண்ணன் முகத்தில் முதன்முதலாக ஒரு கேள்வியைப் பார்த்தாள். அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

“அப்போ நிறுத்திடுவியாண்ணே?”

“நிறுத்துறேன். நீ போய் அந்தப் பிள்ளைங்களோட இரு. நாலு மணிக்குள்ள நின்னுடும்.”

அவள் போனதும் மீரான் கதவைச் சாத்தினார். “எப்படி சார் நிறுத்துவீங்க? சிபாரிசு, ஒத்திவைப்பு, இடைக்காலத் தடை, ஒண்ணும் செல்லாது. மனுசன் கை வச்சா லஞ்சம்னு எல்லாத்தையும் எடுத்துட்டோமே.”

எடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

“ஒரு வழி வச்சிருக்கேன். காரண அறிக்கை. பிசகுக்கு வேற காரணம் இருக்குன்னு ஆணையர் நிரூபிச்சா நிகர்மன்றம் ஏத்துக்கும்.”

நிகர்மன்றம் என்பது எல்லா வேறுபாடுகளையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் எந்திரம். அதற்கு உறவு கிடையாது, உறக்கம் கிடையாது, ஊர் கிடையாது. நீதிபதிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் இருந்தது என்று அது வந்த நாளில் பத்திரிகைகள் பாராட்டின.

மீரான் தயங்கினார். “சார், ஒண்ணு யோசிங்க. இப்போ அது வீடு வீடாத்தான் கடிக்குது. ஒவ்வொண்ணும் தனித் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நீங்க போய், இது தனித் தப்பு இல்ல, மொத்தத்துக்கும் ஒரே காரணம்னு சொன்னீங்கன்னா…”

“சொன்னா, மொத்தத்தையும் நிறுத்தும். அது ஏத்துக்கிட்டே ஆகணும் மீரான். அறிவுள்ள எந்திரம்யா அது. நான் வளர்த்தது.”

“அதான் சார் பயமா இருக்கு.”

பரஞ்சோதி கேட்கவில்லை. உட்கார்ந்தார். இருபது ஆண்டில் அவர் எழுதிய ஆவணங்களிலேயே ஒளிவுமறைவில்லாத ஆவணம் அதுதான். விடுதித் தூணின் இரண்டு அளவுகள், அளவைக்கல்லின் இரண்டு அளவுகள், தட்டு நகரும் திசை, வேகம், நீக்கப்பட்ட வரி. நீக்கியவர் பெயர் வந்த இடத்தில் மட்டும் ‘துறையால்’ என்று போட்டார், பழக்கம் விடுமா. கடைசியில் தெளிவாக எழுதினார்: ‘இது கட்டியவர் எவருடைய பிழையும் அல்ல. நிலமே நகர்ந்துள்ளது.’

அனுப்பினார். பெருமூச்சுவிட்டார். நாளைக்குச் சொற்பொழிவின் தலைப்பை மாற்றவேண்டும் என்று தோன்றியது. ‘பூமியின் நடையைக் கண்டறிந்த நிகர்மணி’ என்று ஒரு பத்திரிகைத் தலைப்பும்கூட, அவர் தடுக்கத் தடுக்க, மனத்துக்குள் வந்துபோனது.

பதில் உடனே வந்தது. மீரான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

‘காரணம் ஏற்கப்பட்டது. ஆணையருக்கு நன்றி.’

“பார்த்தீரா!” என்றார் பரஞ்சோதி.

‘தனித்தனியாக அனுப்பப்பட்ட அறிவிப்புகள் அனைத்தும் ரத்துசெய்யப்படுகின்றன.’

“பார்த்தீரா மீரான்!”

மீரான் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பரஞ்சோதி திரும்பிப் படித்தார்.

‘பொறுதி என்பது கட்டியவரின் கைப்பிழைக்காக அளிக்கப்பட்ட சலுகை. இது கைப்பிழை அல்ல என்று ஆணையர் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளார். எனவே பொறுதி இனி எவருக்கும் பொருந்தாது. பிழை ஒன்றே, அது நாடு முழுவதும் பரவியுள்ளது. நேற்றுக் கட்டிய கட்டடமும் இதில் அடங்கும். படம் திருத்தப்படாது, நிலமே திருத்தப்படும். பொது அறிவிப்பு இத்துடன் வெளியாகிறது. பணி வடகிழக்கு மூலைகளில் உடனே தொடங்கும். தென்மேற்கில் ஏற்படும் குறையை நிரப்ப நிதி ஒதுக்கப்படவில்லை.’

கைப்பேசி அடித்தது. வல்லி. பின்னணியில் பெண்பிள்ளைகளின் ஆரவாரம்.

“அண்ணே! ரத்துன்னு வந்துடுச்சுண்ணே! பல்லி சுவத்தைவிட்டு இறங்கிடுச்சு! நீ அண்ணன்தாண்டா! புள்ளைங்க எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுதுங்க, ஒருத்தி விசில் அடிக்கிறா…”

“வல்லி, உள்ள போகவேண்டாம்னு சொல்லு.”

“என்னது?”

“வெளிய கூட்டிட்டு வா! எல்லாரையும்! கட்டடம் எதுவும் இல்லாத இடமாப் பார்த்து…”

“அதான் இறங்கிடுச்சேண்ணே. இதோ, தெருவைத் தாண்டிப் போகுது… எதிர்வீட்டு டேங்குகிட்ட இன்னொண்ணு நிக்குது. பக்கத்து வீட்டுலயும் ஏறுது. அண்ணே, எங்கிருந்து இத்தனை வருது? கொட்டகையில இருக்கிற எல்லாத்தையும் திறந்துவிட்டுட்டாங்களா? தெரு முழுக்க…” அவள் குரல் மாறியது. “அண்ணே, நம்மளுது திரும்பி வருது.”

“பிள்ளைங்களைக் கூப்பிடு வல்லி!”

கைப்பேசி எதிலோ மோதி விழுந்த ஒலி. தூரத்தில் அவள் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. படிக்கட்டில் தடதடவென்று காலடிகள். மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்று தெரியவில்லை.

பிறகு அந்த ஒலி. முதலில் கைப்பேசியில் கேட்டது. அடுத்து மாளிகைக்கு வெளியே, சாலைக்கு அப்பால், ஒவ்வொரு கூரைக்கும் கீழிருந்து, ஊர் முழுக்க ஒரே சமயத்தில். மனிதக் காதுக்கு அச்சமூட்டாத ஒலி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதே ஒலி.

ச்சு ச்சு ச்சு.

மீரான் எப்போது போனார் என்று தெரியவில்லை. கதவு திறந்து கிடந்தது. கீழே தோட்டத்தில் பந்தல்காரர்கள் ஓடினார்கள். ஒரு நிகராக்கி செவ்வந்தித் தொட்டிகளைக் கவனமாக நகர்த்தி வைத்துவிட்டு அளவைக்கல்லைப் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று மாளிகைச் சுவரில் ஏறி வந்து, பரஞ்சோதியின் சாளரக் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் வயிற்றில், உற்பத்தித் தொடக்க விழாவில் அவரே கையெழுத்திட்ட தகடு தெரிந்தது.

கம்பி கூரையில் இறங்கியது. சத்தமே இல்லை. காரையும் கம்பியும் செங்கல்லும் ஒரே நேர்க்கோட்டில் பிளக்க, சாளரச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, வெயில் ஒரு நூல்போல் விழுந்தது. அந்த நூலுக்கு வெளியேதான் அவருடைய நாற்காலி இருந்தது.

பரஞ்சோதி எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் தென்மேற்கே ஒரு மீட்டர் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தார். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, படத்தின்படி இப்போது மிகச் சரியான இடத்தில் இருந்தபடி, தங்கையின் குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.